மார்லிஸ் டீச்சர் போட மாட்டாராம், ஆர்லன் போட மாட்டாராம்

ஹார்மன் க்ரீக், அயோவா
ஜனவரி 4, 2008

அன்புள்ள ஜனெல்,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், குளிர்தான் ஆளைக் கொல்கிறது. கிர்கிஸ்தான் மலைப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போன நீ இதைவிடக் குளிரில் இருப்பாய், சாக்ஸ் இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஓர் எலுமிச்சை கேக் சுட்டேன். யாரும் கேட்கவில்லை, சர்ச்சில் விசேஷம் எதுவும் இல்லை, நம் வீட்டுக்காகச் சுட்டேன். ஆறும்வரை பொறுக்காமல் முதல் துண்டை அடுப்படியில் நின்றபடியே தின்றேன். அப்பா பைஜாமாவோடு வந்து எட்டிப் பார்த்து, "என்னடி, யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார். நான் கேக் சுட்டால் அதை ஊரில் யார் வீட்டுக்காவது தூக்கிக்கொண்டு போகத்தான் என்று அவருக்கு அவ்வளவு பழகிவிட்டது.

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் கறுப்பர் ஒருவரை ஜனாதிபதியாக்க மக்கள் தயாரா என்று உங்கள் தலைமையாசிரியர் கேட்டதும், நீ சிரித்துவிட்டு நடக்காது என்று சொன்னதும் படித்தேன். எங்கள் ஊரில் என் அம்மா சுடும் கேக்கைத் தின்பார்கள், கறுப்பர்களான எங்கள் பெயருக்கு ஓட்டுப் போட மாட்டார்கள் என்று அவரிடம் சொன்னாயாமே. அந்த வரியைப் பல முறை படித்தேன். பள்ளி மாணவர் தலைவர் தேர்தலில் நீ நின்றபோது நான் எத்தனை கேக் சுட்டு அனுப்பினேன், ஒரு துண்டு மிஞ்சாமல் தின்றார்கள், பள்ளியின் விளையாட்டு அரங்கமான ஜிம்மில் நீ தோற்ற முடிவை வாசித்தபோது முதுகை நிமிர்த்திக்கொண்டு கைதட்டினாய், வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாய். உனக்குப் பதில் எழுதாமல் இத்தனை நாள் வைத்திருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை கண்ணு. நீ சொன்னது தப்பு என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இலையுதிர் காலம் முழுக்க மருந்துக்கடையில், ஜனாதிபதி ஆக நிற்கும் அந்தக் கறுப்பரான இல்லினாய்ஸ் செனட்டரைப் பற்றி இதே பேச்சுதான். இந்த ஊர் என்னிடம் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கி, எண்ணிக்கூடப் பார்க்காமல் விழுங்கும், அவ்வளவு நம்பிக்கை. ஆனால் அரசியல் பேச வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ஒரு நாள் ஆர்லன் ஹோக்ஸ்ட்ரா வந்தார், பன்றிப் பண்ணைக்காரர், உனக்கு முதல் தடவை டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பின்னால் யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, "ரோஷெல், அந்த இல்லினாய்ஸ்காரர் எனக்குப் பிடிச்சிருக்கும்மா. நான் போட்டுடுவேன். ஆனா நம்ம சர்ச் பொம்பளைங்க இருக்காங்களே, அந்த மார்லிஸ் டீச்சர் கூட்டம், அவங்களுக்குக் கை வராது. எதுக்கு வீணா?" என்றார். அதே வாரத்தில் மார்லிஸ் டீச்சர் கண் சொட்டு மருந்து வாங்க வந்தார், அவரும் கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, யாரா இருந்தா என்ன. இந்தப் பன்னி வளக்கிறவனுங்கதான், ஆர்லன் மாதிரி ஆளுங்க, செத்தாலும் போட மாட்டானுங்க" என்றார். நான் இருவருக்கும் சிரித்தபடியே சில்லறை கொடுத்து அனுப்பினேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லவில்லை. இரண்டையுமே நம்பினேன் என்பதுதான் விஷயம். அப்பாவின் கவலை வேறு. மிசிசிப்பியில் தாத்தா ஓட்டுரிமைக்குப் பெயர் பதியப் போன வாரமே வேலை போனதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். "அவரு தோத்தா ஒரு நாள் வருத்தப்படுவோம் ரோஷெல். ஜெயிச்சா எவன் சுடுவானோன்னு தினமும் பயந்துகிட்டு இருக்கணும். ரெண்டும் சின்னப் பொண்ணுங்க அந்த ஆளுக்கு" என்று சொல்லிவிட்டு ஆலை ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார்.

நேற்று மாலை ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டம், அதே பள்ளி ஜிம்மில். இந்த முறை நான் கேக் சுடவில்லை. வெறுங்கையோடு போனேன், வாசலிலேயே இரண்டு பேர் என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தார்கள். அந்த இல்லினாய்ஸ் செனட்டரின் ஆட்கள் எங்கள் வட்டாரத்துக்குத் தலைமையாக நிற்கச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள், மாட்டேன் என்றிருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, இங்கே பெட்டியும் கிடையாது திரையும் கிடையாது, யாருக்கு ஆதரவோ அவர் மூலையில் ஊர் பார்க்கப் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். நான் அவர் மூலையில் நின்றால், அவள் வேறு எங்கே நிற்பாள் என்பார்கள். வேறு மூலையில் நின்றால், பார், அவளுக்கே நம்பிக்கை இல்லை என்பார்கள். மறுநாள் காலையில் இவர்கள் எல்லோருக்கும் நான்தான் மாத்திரை எண்ணிக் கொடுக்க வேண்டும். அதனால் முடிவு செய்யாதவர்களோடு நடுவில், கூடைப்பந்து வட்டத்துக்குள், கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

நடுவில் நிற்பவர்களை இழுக்க எல்லா மூலையிலிருந்தும் வருவார்கள் அல்லவா, முதலில் ஆர்லன் வந்தார். இன்னொரு வேட்பாளரான அந்தத் தெற்கத்தி வக்கீலின் மூலையில் நின்றிருந்தார். "எங்க பக்கம் வந்துடு ரோஷெல். அவரு நல்லவரு, எனக்குத் தெரியும். ஆனா நாடு இன்னும் பக்குவப்படலை. மார்லிஸையே எடுத்துக்கோ" என்று ஆரம்பித்தார். மார்லிஸ் டீச்சர் பத்தடி தள்ளி போட்டியில் இருந்த அந்தப் பெண் செனட்டரின் மூலையில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, யோசிக்கவே இல்லை, "டீச்சர், கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். "நீங்க அந்த இல்லினாய்ஸ் செனட்டருக்குப் போட மாட்டீங்கன்னு ஆர்லன் சொல்றாரு" என்றேன். ஜிம்மில் என் குரல் அப்படி எதிரொலிக்கும் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் முகம் சிவந்து போனது. "நானா? எவன் சொன்னது? நீ போட மாட்டேன்னுதானே நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்று ஆர்லனிடம் திரும்பினார். "என்னைப் பத்தியா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று ஆர்லன் தொப்பியைக் கழற்றிவிட்டார். "சொல்லணுமா, உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றார் டீச்சர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், யாரோ, "அப்ப எவன்தான்யா போட மாட்டான், கையைத் தூக்குங்க பார்ப்போம்" என்று கத்தினார். கை எதுவும் எழவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கை தூக்காதவர் எல்லோரும் மனசிலும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன், நான் அவ்வளவு வெகுளி இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒருவர் இன்னொருவரைக் காட்டிக்கொண்டிருந்த விரல் அந்த நிமிஷம் மடங்கியது, அதை என் கண்ணால் பார்த்தேன்.

பிறகும் யாரும் நகரவில்லை. "நீ போனா நானும் போறேன்" என்று ஆர்லன் தன் தோழனிடம் சொல்கிறார், "நீங்க முன்னாடி போங்க" என்று அவர் சொல்கிறார், குளத்தங்கரையில் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கும் பிள்ளைகள் மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, முழங்கால் நனையாமல் நடுவில் நின்றுகொண்டு மற்றவர்கள் இறங்க வேண்டும் என்று காத்திருப்பதில் நானும் ஒருத்தி. பதினாறு வயதில் நீ இதே ஜிம்மில் தனியாக மேடை ஏறினாய், யாரையும் முதலில் போகச் சொல்லவில்லை. பையிலிருந்து கையை எடுத்துவிட்டு இல்லினாய்ஸ் செனட்டரின் மூலைக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. மரத் தரையில் என் காலணிச் சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் பண்ணை பூட்ஸ் சத்தம் ஒன்று, அப்புறம் எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆர்லன் வந்து என் தோளை இடித்துக்கொண்டு நின்று, "எங்கம்மா கேக்?" என்றார். "ஜெயிச்சா பாத்துக்கலாம்" என்றேன். மார்லிஸ் டீச்சர் வரவில்லை. தன் மூலையிலிருந்தே, "ரோஷெல், ஒரு பொம்பளைக்கு ஓட்டுப் போட நான் ஆயுசு முழுக்கக் காத்துக்கிட்டிருக்கேன், அதனாலதான் இங்க நிக்கிறேன். இனிமே எவனும் என் பேரைச் சாக்கு சொல்லக் கூடாது" என்று சத்தமாகச் சொன்னார். அவர் மீதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எண்ணி முடித்தபோது எங்கள் மூலைதான் பெரியது. வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் மாநிலம் முழுக்க அப்படித்தான்.

அப்பாவுக்கு ஆலைக்குப் போன் செய்தேன். இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் முடிவைச் சொன்னேன். பிறகு, "நீ எங்க நின்ன?" என்று கேட்டார். சொன்னேன். "ஆர்லனுமா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்தக் கிழவனா!" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய பயம் போய்விடவில்லை, எனக்கும் போகவில்லை. ஒரு ஜிம் நாடு ஆகிவிடாது, அடுத்த வாரம் இன்னொரு மாநிலம் என்ன செய்யுமோ. ஆனால் உங்கள் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல், எங்கள் ஊரில் இப்போது ஒருவரையொருவர் நேராகவே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று. என் மகள் இங்கேதான் முதலில் நின்றாள் என்பதையும் சேர்த்துச் சொல், அதைச் சொல்லாமல் விடாதே.

இருமல் மருந்து பார்சலில் வைத்திருக்கிறேன், வெறும் வயிற்றில் குடிக்காதே. ஜன்னலை இறுக்கி மூடி அடுப்பு மூட்டாதே, புகை ஆபத்து. நீ காலெடுத்து வைக்கும் இடமெல்லாம் கடவுள் உன்னைக் காக்கட்டும், நீ தலை நிமிர்ந்தே நடக்க வேண்டும். ஆகஸ்டில் வரும்போது அறையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அங்கே ஒன்றை மட்டும் தூக்கிப் போடச் சொல்லாதே. பரணில் உன் தேர்தல் சுவரொட்டிகள் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கின்றன, எரித்துவிடச் சொன்னாய், நான் எரிக்கவில்லை. இன்று கேக்கைத் தின்றுவிட்டு ஏணி வைத்து ஏறி ஒன்றை இறக்கிப் பார்த்தேன். டாலிவர் என்று நம் குடும்பப் பெயரை நீ தீட்டிய சிவப்பு எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. மேலே ஜனெல் என்று இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி ரோஷெல் என்று எழுதினால் போதும். அடுத்த வருஷம் செப்டம்பரில் பள்ளிக் குழுத் தேர்தலுக்கு நான் நிற்கப் போகிறேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீயும் வாயைத் திறக்காதே.

என்றும் உன்னை நெஞ்சில் வைத்திருக்கும்
அம்மா
ரோஷெல் டாலிவர்