கையால் பேசியதற்காக நீக்கப்பட்ட என் மகளை நாளை ஒரு நாளேனும் அனுமதிக்கக் கோருதல்

அனுப்புநர்:
ரோவீனா ஸ்கெல்டன், எம்.ஏ.,
கிரிம்ஸ்பி.

பெறுநர்:
தலைவர், குறைதீர்ப்புப் பிரிவு,
இளையோர் சட்டப் பணி அனுபவ இணையத் திட்டம்,
லீட்ஸ்.

பொருள்: இணையவழிப் பயிற்சியிலிருந்து இமோஜென் ஸ்கெல்டன் நீக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லாத ஒரு மனிதரின் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்க முடியுமா? நேற்று என் மகள் இமோஜென் இதைக் கேட்டாள்.

1. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியான அவள், திங்கள் முதல் தங்கள் ஒரு வாரப் பயிற்சியில் தன் அறையிலிருந்து கலந்துகொண்டாள். கேமராவை அணைக்கக் கூடாது, வழக்கு விவரத்தை வீட்டாரிடமும் சொல்லக் கூடாது என்பவை விதிகள். வழக்கு, பயிற்சிக்காகப் புனையப்பட்டது: தன் நாய் யாரையும் கடிக்கவில்லை என்று சாதிக்கும் ஒரு ரொட்டிக்கடைக்காரருடையது.

2. என் கணவர் கெய்த் பிறவியிலேயே காது கேளாதவர். எங்கள் வீட்டில் சைகைமொழிதான் பேச்சு. நேற்று மதியம் அவர் அறைக்குள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்க, இமோஜென் கையால் பதில் சொன்னாள். "வெளியாளுக்குச் சைகை காட்டுறீங்க. இது ரகசிய மீறல்" என்று மேற்பார்வையாளர் சொன்ன கையோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவளை எவரும் விசாரிக்கவில்லை.

3. அடுப்பை அணைக்கச் சொன்னாள் என்று மட்டும்தான் எழுதுவதாக இருந்தேன். அது பாதி உண்மை. "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?" என்று கெய்த் கேட்டிருக்கிறார். "இந்த ரொட்டிக்கடைக்காரன் புளுகுறான்ப்பா. நீங்க போய் சூப்ப இறக்குங்க" என்றிருக்கிறாள். "உனக்கு வாய்ச்ச முதல் கட்சிக்காரனே இப்படியா" என்று அவரும் சிரித்திருக்கிறார். இதை விட்டுவிடலாம் என்றேன். "எழுதும்மா. மறைச்சுத்தான் உள்ள போகணும்னா நான் எதுக்கு வக்கீலாகணும்?" என்றாள். எனவே எழுதியிருக்கிறேன்.

ஒரு வாக்கியம் பிசகியது உண்மை. மைக்கை அணைத்துவிட்டு மற்ற வீடுகளில் எத்தனை வாக்கியங்கள் பேசப்பட்டன என்பது தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டுப் பேச்சு மட்டும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

4. நாளை பயிற்சி முடிகிறது. இறுதி நாளில் வாதாடியவர்களுக்கே சான்றிதழ். அது இல்லாதவர்களை இவ்வூர்ச் சட்ட நிறுவனம், சம்பளத்துடன் கூடிய வழக்கறிஞர் பயிற்சிக்கான நேர்காணலுக்கு அழைக்காது. எங்கள் உறவிலோ தெருவிலோ வழக்கறிஞர் எவருமில்லை. சிபாரிசு செய்ய ஆளில்லாத பிள்ளைக்கு இது ஒன்றுதான் வழி. நேற்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. கெய்த் அவள் முன்னால் பேசுவதற்குக் கையைத் தூக்கவே தயங்குகிறார்.

சைகைமொழி அறிந்த ஒருவரைக் கொண்டு அந்த அமர்வின் காணொளிப் பதிவைப் பாருங்கள். அவளை விசாரியுங்கள். எந்தத் தண்டனையையும் பிறகு தாருங்கள். நாளை ஒரு நாள் மட்டும் உள்ளே விடுங்கள். நான் எளிதில் கெஞ்சுபவள் அல்ல, ஐயா. இப்போது கெஞ்சுகிறேன்.

இடம்: கிரிம்ஸ்பி
நாள்: 17.07.2025

இப்படிக்கு,
ரோவீனா ஸ்கெல்டன்

பின்சேர்க்கை (18.07.2025, தபால் பிரதியில் மட்டும்): நேற்று மின்னஞ்சலில் அனுப்பிய மனுவுக்குப் பதில் வரவில்லை. இன்று காலை இமோஜென் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுடன் கணினி முன் அமர்ந்தாள். 'அனுமதிக்கும்வரை காத்திருக்கவும்' என்றது திரை. பிற்பகலில் 'நிகழ்ச்சி நிறைவடைந்தது' என்று வரும்வரை அவள் எழவில்லை. கெய்த் அவ்வளவு நேரமும் அறை வாசலில் நின்றார், இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு.