மச்சான் பிடித்த கயிறு

ஜூன் 10, செவ்வாய்

கச்சான் காற்று. துவைத்துப் போட்ட துணியெல்லாம் மண். கேஸ் சிலிண்டர் புக் பண்ணவேண்டும். பாப்பாவுக்கு ஷூ.

ஆய்வேடு, மூன்றாம் இயல். சங்கு குளிப்பைப் பற்றிய அந்தப் பழைய புத்தகம், மறுபடி. கடலில் மூழ்கிக் குளிப்பவனின் கயிற்றை, மேலே வள்ளத்தில் இருந்து, அவன் மனைவியின் கூடப்பிறந்தவனே பிடிப்பானாம். தங்கச்சி தாலியறுப்பதை எவன் பொறுப்பான்? ஆகவே மச்சான் கயிறு பிடித்த வள்ளத்தில் ஒரு உயிரும் போனதில்லை என்று முடிக்கிறார் ஆசிரியர்.

கைடு மேடம் போனில்: "அருமையான செய்திம்மா, விட்டுராதீங்க. நம்பலாமான்னு மட்டும் பாத்துக்கோங்க."

நான் பார்க்கவேண்டுமாம். என் வீட்டுக்காரர் கடைசியாகக் குளித்த அன்று கயிறும் கம்ப்ரசர் காற்றுக்குழாயும் என் அண்ணன் கையில். மேடத்துக்குத் தெரியாது.

ஜூன் 11, புதன்

நூலகம். ஃபேன் ஓடவில்லை. இன்னும் இரண்டு புத்தகங்களில் இதே செய்தி. ஆனால் இரண்டும் முதல் புத்தகத்தைப் பார்த்து எழுதியவை. மூன்று சாட்சி இல்லை, ஒன்றுதான். அவரும் யார் சொன்னது, எந்த ஊர், எந்த வள்ளம், ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பாதி சரி. எங்கள் ஊரில் அப்படித்தான் பிடிப்பார்கள். முடிவு பொய். ஆத்திரமாக வந்தது. பென்சிலால் அடிக்கப்போய், நூலகப் புத்தகமாயிற்றே என்று விட்டேன்.

மேடம்: "பொய்னா ஆதாரம் வேணும்மா. நேர்ல பாத்தவங்க யாராவது?"

ஒரே ஆள், அண்ணன். வீட்டுக்காரர் அடக்கத்துக்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறாதவன். நானும் கூப்பிடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஷூ வாங்கவில்லை. முத்தையாபுரம் பஸ், நின்றுகொண்டே.

அண்ணன் இப்போது கடலுக்குப் போவதில்லை. உப்பு மூட்டை தூக்குகிறான். பாதி ஆளாகிவிட்டான். மதினி காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன்.

"ஏளா, கம்ப்ரசர் நின்னுட்டு. இழுத்தேன். மேல வரும்போதே மூச்சு இல்ல. கரைக்கு வந்தும் கயித்த விடல நான். ரெண்டு பேரு சேந்துதான் என் விரலப் பிரிச்சாங்க."

இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் அழுதோம். காபி ஆறிப்போயிற்று.

கிளம்பும்போது கேட்டேன்: "அண்ணே, தகவல் சொன்னவங்க பேரு போடணும். ஒன் பேரப் போடட்டுமா?"

"பேரு வேண்டாம்," என்றான். "மச்சான்னு போடு."