பூட்டிய குளியலறை

நவம்பர் 9, ஞாயிறு. மிச்சம், லண்டன்.

கேம்பிங் போனால் விறகு பிளக்கலாம் என்று வாங்கிய கைக்கோடாலியை இன்றுதான் முதன்முறையாக எடுத்தேன். கையால் அடித்துச் செய்தது, தலையும் பிடியும் ஒரே இரும்பு. பக்கத்து வீட்டு மலர் அக்கா ஓடிவந்து, "தம்பி, இவர் பாத்ரூமைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை விழுந்திட்டார், கதவை உடையுங்கோ!" என்று கத்தினார்.

மூன்றாவது கொத்தில் பலகை பிளந்தது. அக்காவின் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கதவோடு சாய்ந்து கிடந்தார். தோளில் வெட்டுக்காயம். மூச்சில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள், மாரடைப்பு, விழுந்தவுடனேயே உயிர் போயிருக்கும் என்றார்கள். அவர்கள் போனதும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"நீங்கள் கொத்தேக்கை அவர் முனகினவரோ, தம்பி? எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது."

எனக்கும் கேட்டது. "இல்லை அக்கா" என்று சொல்லிவிட்டேன்.