இரண்டு விலாசம் ஒட்டிய பெட்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். பெட்டியைத் திறந்து ராணித் தேனீயைக் கவனித்த பிறகுதான் இதைப் பிரிக்க வேண்டும் என்று உறையின் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். பொறுமைக்கும் உனக்கும் வெகு தூரம், ஆனாலும் இந்த ஒரு தடவை அம்மா சொன்னதைக் கேட்டிருப்பாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டிலிருந்து எழுதவில்லை. பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் கூடத்தில், வாசலை ஒட்டிய மர பெஞ்சில், மடிமேல் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் எழுத்து கோழி கிளறினமாதிரிதான் இருக்கும்.

போன திங்கட்கிழமை அனுப்பிய ராணித் தேனீ புதன்கிழமையே உன்னிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ராணி இல்லாமல் கூட்டோட சத்தமே மாறிப்போச்சு, ஏற்கெனவே ரெண்டு கூடு போச்சு, இதுவும் போச்சுன்னா இந்தத் தொழில் எனக்கு ராசியில்லைன்னு விட்டுடறேன்மா என்று நீ போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு மொட்டைமாடியில் தேனீ வளர்க்கப் போகிறேன் என்றபோது அப்பா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை, நான்தான் உன் பக்கம் நின்றேன். அந்தக் கூடு பிழைக்க வேண்டும் என்று உனக்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு எனக்கும் இருக்கிறது. தினமும் தபால் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு நாள் உங்க பெட்டி உங்க மகன் ஊர்ப்பக்கம் போயிடுச்சு என்றார்கள், மறுநாள் திரும்பி வந்துட்டிருக்கு என்றார்கள், அதற்கு மறுநாள் மறுபடியும் போயிட்டிருக்கு என்றார்கள். இப்படிப் போக வர அது பார்சலா டவுன் பஸ்ஸா என்று கேட்டேன், எதிர்முனையில் சிரித்து வைத்தார்கள்.

இன்று காலை இங்கிருந்து ஓர் அம்மா போன் செய்து, உங்க பெட்டி என் மேஜை மேல இருக்கு, நீங்க நேர்ல வந்து ஒரு தடவை பார்த்தா நல்லது என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவது என்று புகார்க் கடிதம் ஒன்றையும் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு, கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே என் விலாசமே இருந்தது. கூட்டுச் சட்டங்களுக்கு மெழுகுத் தாள் அனுப்புகிற கம்பெனியின் பழைய பெட்டியைத்தானே எடுத்தேன், அவர்கள் எனக்கு ஒட்டி அனுப்பிய சீட்டைக் கிழிக்கவில்லை. கிழிச்சுட்டு ஒட்டு என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னார், எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். உன் விலாசம் மேலே இருந்தால் உன் பக்கம், என் விலாசம் மேலே இருந்தால் என் பக்கம் என்று இரண்டு தடவை போய்த் திரும்பி வந்திருக்கிறது பாவம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எல்லாரும் பண்றதுதாம்மா, விடுங்க என்று அவரே சமாதானம் சொன்னார். புகார்க் கடிதத்தைப் பைக்குள்ளேயே கசக்கிவிட்டேன்.

மூன்றாம் தடவை இந்தக் கூடத்துக்கு வந்தபோது, போன வாரமும் இந்த இரைச்சல் கேட்டுச்சே என்று அவர்தான் கண்டுபிடித்திருக்கிறார். மற்றவர்கள் ஏதோ மெஷின் ஓடுகிறது என்று பயந்து ஒதுங்கியிருக்கிறார்கள். அவருக்கும் தேனீ என்றால் குலை நடுங்குமாம், சின்ன வயதில் கண்ணிமையில் கொட்டியிருக்கிறது. அப்படியும் பெட்டியை வெயில் படாத மூலைக்கு மாற்றி, அடி ஸ்கேலின் நுனியில் பஞ்சைக் கட்டித் தண்ணீரில் நனைத்து, கையை எட்ட நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காற்றுத் துளைமேல் வைத்திருக்கிறார். நேற்று மூன்று தடவை, இன்று இரண்டு தடவை. நான் திறந்து பார்த்தபோது ராணியோடு துணைக்கு அனுப்பிய எட்டுத் தோழித் தேனீக்களில் ஐந்து செத்துக் கிடந்தன. மீதி மூன்றும் ராணியைச் சுற்றி நின்று ஊட்டிக்கொண்டிருந்தன. ராணி நடந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த அம்மா நாலடி தள்ளி நின்றபடியே என்னம்மா, இருக்கா என்று கேட்டார்.

அவர் மேஜையைப் பார்த்திருக்க வேண்டும் நீ. வழி தவறியவை எல்லாம் அங்கேதான் வருமாம். உறை கிழிந்து வெளியே விழுந்த ஒற்றைச் சாவி, இடித்துப் போட்ட வீட்டு விலாசத்துக்கு வந்த குடை. ஒரு பெட்டியில் இடதுகால் செருப்பு, வேறு பெட்டியில் வலதுகால் செருப்பு, பத்து நாள் இடைவெளியில் வந்த இரண்டையும் ஞாபகம் வைத்து ஜோடி சேர்த்திருக்கிறார். நான் முப்பது வருஷமாகத் தேனீயோடு குப்பை கொட்டுகிறேன், இப்படி ஒரு கண் எனக்கு இல்லை.

ராணியை வாங்கிக்கொண்டு நானே ரயிலேறிவிடலாமா என்று நினைத்தேன். நீங்க டிக்கெட் கிடைச்சு, ரெண்டு ரயில் மாறிப் போய்ச் சேர மூணு நாள் ஆகும், எங்க வேன் நாளை மறுநாள் காலையில சேர்த்துடும், டிரைவர்கிட்ட தன் பக்கத்து சீட்டுல வெச்சுக்கச் சொல்லியிருக்கேன், அந்த ஊர் ஆபீசுக்கும் போன் பண்ணிட்டேன் என்றார். பழைய சீட்டைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்தார். ராணிக் கூண்டின் வாயை அடைத்திருக்கும் சர்க்கரை உருண்டையை மாற்றிவிட்டு, நானும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கொடுத்துவிட்டேன். வேனுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.

கூண்டை இரண்டு சட்டங்களுக்கு நடுவே வைத்தபின் ஐந்து நாள் கூட்டைத் திறக்காதே, கூட்டுத் தேனீக்களே சர்க்கரையைத் தின்று அவளை வெளியே விடும். நேரத்துக்குத் தூங்கு. தங்கைக்கு ஒரு வார்த்தை எழுது, அண்ணன் மறந்துட்டான் என்று முணுமுணுக்கிறாள். நீ தொட்டது துலங்கி, கூடும் குடியுமாக நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ராணி உயிரோடு வந்தாளா என்று இப்போது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வராவிட்டால் அது சீட்டைக் கிழிக்காத என் தப்பு, உன் ராசி இல்லை, இன்னொரு ராணி வளர்த்துத் தருகிறேன், கூட்டை மட்டும் கைவிடாதே. இன்னும் ஒன்று. போய்ச் சேரலைன்னாதாம்மா எங்களுக்குப் போன் வரும், போய்ச் சேர்ந்துச்சுன்னு இருபத்தாறு வருஷத்துல ஒருத்தரும் சொன்னதில்லை என்றார் அந்த அம்மா. அவர் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் அவருக்குச் சொல். எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா