தை அமாவாசை ஏற்றம்

ஜனவரி 6, செவ்வாய்

உறுதியானது: இந்தப் பௌர்ணமியின் மிக உயர்ந்த கடல் ஏற்றம் நேற்று நண்பகலோடு முடிந்துவிட்டது. ஆதாரம், துறைமுகத்தின் ஓத அட்டவணை. இனி கடல் நாளுக்கு நாள் கம்மியாகத்தான் ஏறும். நாங்கள் படகோடு உட்கார்ந்திருக்கும் மணல் திட்டுக்கு நேற்று வந்த தண்ணீர் இன்று வரவில்லை.

படகு தீவின் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. படுக்கையில் படுக்க முடியாது. நேற்றிரவு இருவரும் சுவரில் படுத்தோம். அடுப்பில் பால் வைத்தால் பாத்திரத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் பொங்குகிறது.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். மூன்றாம் தேதி பௌர்ணமி. கல்யாணமானதிலிருந்து பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் மலை சுற்றியவர்கள் நாங்கள். படகுக்கு வந்தபின் இரண்டு பௌர்ணமி தப்பிப்போனதில் இவருக்கு உறுத்தல். மலேசியாவில் லங்காவிக்குத் தெற்கே இந்தச் சின்னத் தீவைப் பார்த்ததும், நடுவில் ஒரே குன்று, "நம்ம மலை மாதிரியே இருக்குது பாரு. படகுலயே ஒரு சுத்து வந்துடலாம்" என்றார். யோசனை சொன்னவர் அவர். மறுக்காதவள் நான்.

வலம் என்றால் குன்று வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். அப்படிப் போனால் தீவின் கிழக்கே நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளும். மாற்றிச் சுற்றியிருந்தால் அது எதிரே வரும், வேண்டிய இடத்தில் நின்றுவிடலாம். ஒரு மீனவர் தன் படகில் எழுந்து நின்று, இரண்டு கையையும் ஆட்டி, திரும்பிப் போகச் சொன்னார்.

"ஏங்க, திரும்பச் சொல்றாருங்க."

"வலம் ஆரம்பிச்சிட்டு பாதில திரும்புவாங்களா?"

கொஞ்ச நேரத்தில் படகின் அடிக்கட்டை மணலில் ஏறியது. சத்தமே இல்லை. யாரோ படகைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தது போல இருந்தது.

பௌர்ணமிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் கடல் இன்னும் உயரும் என்று அட்டவணையில் பார்த்து சந்தோஷப்பட்டோம். உயர்ந்தது. எங்களை விடுவிக்கவில்லை, காற்றோடு சேர்ந்து இன்னும் மேலே தூக்கிவைத்துவிட்டுப் போனது. முதல் நாளே ஆழத்தில் நங்கூரம் போட்டுப் பிடித்திருந்தால் இது நடந்திருக்காது. இருவருக்கும் தோன்றவில்லை.

படகு எங்களுடையது அல்ல. ஹென்க்குடையது. நடந்ததை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 7, புதன்

ஹென்க் டச்சுக்காரர். குளிர்காலம்தோறும் திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் எங்கள் மாடியில் குடியிருப்பவர். மற்ற மாதங்களில் இந்தப் படகுதான் அவருக்கு வீடு. வேறு வீடு கிடையாது. இரண்டு வருடம் எங்களைக் கூட்டிவந்து பாய் ஏற்ற, இறக்க, சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் அவரே கேட்டார்: மூன்று மாதம் நான் உங்கள் வீட்டில், நீங்கள் என் படகில், சரியா? நிலஅளவைத் துறையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்தவர், என் வீட்டுக்காரர் ஆதிமூலம், எனக்கு முன்னால் தலையாட்டினார்.

இன்று காலை சிக்னல் கிடைத்தது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப சொல்லாத. மெதக்க வெச்சிட்டு சொல்லலாம். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?"

"நாளைக்கு வேற யாராவது சொல்லி அவருக்குத் தெரிஞ்சா?"

சொன்னேன். வலம் வந்ததையும், மீனவர் கை காட்டியதையும் விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் பேருந்து ஹாரன் கேட்டது. தெருவில் நிற்கிறார் போல.

"மேடம்," என்றார், எங்கள் ஊர்த் தமிழில். "நானும் ஒண்ணு சொல்லணும். உங்க போர் மோட்டார் புகஞ்சி போச்சு. தண்ணி இல்லாம ஓடவிட்டுட்டேன். ஜோதியம்மா தினம் திட்டறாங்க."

ஜோதியம்மாள் பக்கத்து வீடு. திட்டுவதில் குறை வைக்கமாட்டார்.

பிறகு குரல் மாறியது. கேள்வி கேள்வியாகக் கேட்டார். மணலா பாறையா. மணல். உள்ளே தண்ணீர் வருகிறதா. இல்லை. சுக்கான் அசைகிறதா. அசைகிறது. கடைசியாக ஒன்று சொன்னார்: யாரையும் இழுக்க விடாதீர்கள். பின்பக்கமாக இழுத்தால் சுக்கான் போகும். பக்கவாட்டில் இழுத்தால் அடிக்கட்டை படகின் உடம்போடு சேரும் இடம் பிளக்கும். கடல் தூக்கட்டும்.

கடல் எப்போது தூக்கும்? தை அமாவாசையை ஒட்டி, ஜனவரி 20 நண்பகல். ஆனால் அந்த ஏற்றம் நேற்று முன்தினத்தைவிட ஒரு சாண் கம்மி. நிலா இந்த முறை பூமிக்குப் பக்கத்தில் இருந்தது, அடுத்த முறை இருக்காது. கடல் தராத அந்த ஒரு சாணை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

இழுவைப் படகுக்காரர் ஒருவர் வந்தார். முருகவேல், இங்கேயே பிறந்த தமிழர். தங்கப்பல் தெரியச் சிரித்தார்.

"கவலையே வேண்டாம்லா ஆன்ட்டி. கயிறு கட்டி ஒரே இழுப்பு."

"இதுக்கு முன்னால இந்த மாதிரி எத்தனை படகு இழுத்திருக்கீங்க?"

"நெறைய."

"அதுல எத்தனை படகுக்கு சுக்கான் முழுசா இருந்துச்சு?"

"இழுக்கிறது என் வேலை. சுக்கான் உங்க வேலை ஆன்ட்டி."

நேர்மையான பதில். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். இவர் கயிற்றைக் கையில் எடுத்துத் தயாராக நின்றிருந்தார். கீழே போட்டார்.

"இன்னும் பத்து நாளு இப்டியேவா? எனக்கு உள்ள எரியுது, கஸ்தூரி."

எனக்கு மட்டும் எரியாதா?

ஜனவரி 10, சனி

ஊரிலிருந்து மகள் ஆர்த்தி அழைத்தாள். வேங்கிக்கால் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரம். "ரெண்டு பேரும் ஃபிளைட் புடிச்சி வந்துடுங்கம்மா. அப்பாவுக்கு அறுபத்தி நாலு வயசு. வரவங்க போறவங்க எல்லாம் உங்கம்மா அப்பா கடல்ல மாட்டிக்கினாங்களாமேன்னு கேக்கறாங்க."

மாட்டிக்கொண்டோம் என்பது சரி. கடலில் என்பது தவறு. மணலில். திருத்தினேன். போனை வைத்துவிட்டாள்.

ஜனவரி 11, ஞாயிறு

வற்றத்தில் கடல் முழுசாக விலகிவிடுகிறது. ஏணி வைத்து இறங்கிப் படகைச் சுற்றி நடக்கலாம். கை காட்டிய அந்த மீனவர் வந்தார். பெயர் ஹாஷிம். பேச ஒரு பொதுமொழி இல்லை. இவரைப் பார்த்ததும் முதலில் செய்தது, இரண்டு கையையும் உயர்த்தி அன்று போலவே ஆட்டிக் காட்டியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் முகம் கறுத்துவிட்டது.

ஹாஷிம் கொண்டுவந்தது ஒரு மண்வெட்டி. நம் ஊரில் இருப்பதேதான். காம்பு மட்டும் கொஞ்சம் நீளம். இவர் அதை வாங்கி எடை பார்த்தார். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மணிலாக் கொட்டையும் போட்ட வீட்டுப் பிள்ளை. ஒன்றும் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடிக்கட்டையிலிருந்து ஆழத்தை நோக்கி வெட்ட ஆரம்பித்தார்.

ஜனவரி 12, திங்கள்

வெட்டிய வாய்க்கால் முழுவதும் தூர்ந்துபோயிருந்தது. ஒரு ஏற்றம் போதும்.

ஜனவரி 13, செவ்வாய்

மறுபடியும் தூர்ந்தது. இவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குன்றைப் பார்த்தபடி நின்றார்.

"சாமி சோதிக்கிறாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் சோதிக்கலீங்க. தண்ணி தெக்கால போச்சு, நாமளும் தெக்கால போனோம். கை காட்னவர் பேச்சக் கேக்கல. இதுல அவர ஏன் இழுக்கறீங்க?"

"நீ பேப்பர்ல எழுதற மாதிரியே பேசு."

"வேற எப்படிப் பேசறது?"

இருட்டும் முன் அவராகவே வந்து உட்கார்ந்தார். "வாய்க்கால் வெட்றோம், வரப்பு போடல. மண்ணு எந்தப் பக்கத்திலிருந்து வந்து வுழுதோ அந்தப் பக்கம் அடைக்கணும்."

பாய் வைக்கும் பைகள், அரிசிப் பை, தலையணை உறை, என் இரண்டு பழைய புடவை. எல்லாவற்றிலும் மணல் நிரப்பலாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வற்றம் பிற்பகலில் வந்தது. வரப்புக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கினோம். காற்று அடுப்பை எரியவிடவில்லை; அரிசி பாதி வெந்தது. ஹாஷிம் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டு, வெல்லத்தை மட்டும் தனியாகக் கேட்டார்.

வரப்பு நின்றிருக்கிறது. வாய்க்காலில் பாதிதான் தூர்ந்தது. இது முன்னேற்றம்.

ஜனவரி 17, சனி

படகைக் காலி செய்தோம். சங்கிலி, டீசல் கேன்கள், குடிநீரில் முக்கால் பங்கு, ஹென்க்கின் புத்தகங்கள், பாத்திரங்கள், மெத்தைகள் எல்லாம் தீவின் கரையில் தார்ப்பாய்க்குக் கீழே. குரங்குகள் வந்து என் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுபோய்விட்டன.

நங்கூரத்தை ரப்பர் ஓடத்தில் ஏற்றிப் போய் ஆழத்தில் போட்டாயிற்று. அதன் கயிறு, கையால் சுற்றி இழுக்கும் படகின் வின்ச்சில் இறுக்கமாக நிற்கிறது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, இப்போதாவது.

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. இவர் கடலில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்தார். நண்பகல் ஏற்றத்தில் படகு முதல் முறையாக அசைந்தது. அசைந்தது நல்லது, ஒவ்வொரு அலைக்கும் தூக்கி மணலில் போட்டது நல்லதல்ல. போடும்போதெல்லாம் படகின் உடம்பு முழுவதும் அதிர்கிறது. ஹென்க் சொன்ன அந்தச் சேரும் இடத்தில் ஈரம். துடைத்தேன். மறுபடியும் ஈரம்.

தைப்பூசப் பௌர்ணமியில் இதைவிட உயர்ந்த ஏற்றம் உண்டு. ஆனால் இன்னும் இரண்டு வாரம் இந்த அடியைப் படகு தாங்காது. இவருக்கும் அது தெரியும்.

ஜனவரி 19, திங்கள்

முயன்றோம். ஒரு முழம் நகர்ந்தது. நின்றுவிட்டது. வின்ச் சுற்றி என் உள்ளங்கை உரிந்துவிட்டது. எழுத முடியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

காலையிலேயே ஹாஷிம் வந்துவிட்டார். பாயின் குறுக்குக் கழியைப் படகுக்கு வெளியே ஆழத்துப் பக்கம் நீட்டி, அதன் நுனியில் ரப்பர் ஓடத்தைத் தொங்கவிட்டு, அதில் தண்ணீர் நிரப்பினோம். ஹென்க் போனில் சொல்லிக்கொடுத்தது. கனம் அந்தப் பக்கம் இழுக்க இழுக்கப் படகு சாயும். சாயச் சாய அடிக்கட்டை மணலைவிட்டு எழும்பும். அந்த ஒரு சாண் அங்கேதான் கிடைக்க வேண்டும்.

பன்னிரண்டே காலுக்குத் தண்ணீர் நின்றது. அதற்கு மேல் ஏறாது என்று அட்டவணை சொன்னது. படகு அசையவில்லை.

ஹாஷிம் தானே கழியின் மேல் ஊர்ந்து நுனிக்குப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து இவரைப் பார்த்து வா வா என்று கையாட்டினார். இவர் ஒரு கணம்தான் நின்றார். அறுபத்தி நாலு வயது, வேட்டி, கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போனார். நான் வின்ச்சைச் சுற்றினேன். கயிறு கிறீச்சிட்டது.

"சுத்து! சுத்து கஸ்தூரி! வருது!"

வந்தது. மணலில் ஏறியபோது எப்படிச் சத்தமில்லையோ அப்படியே இறங்கும்போதும் இல்லை. ஒரு கணம் கனமாக இருந்தது, மறுகணம் கயிறு தொளதொளத்தது. கழியின் நுனியிலிருந்து இரண்டு ஆண்களும் கடலில் விழுந்தார்கள். ஒருவர் மலாயில், ஒருவர் எங்கள் ஊர்த் தமிழில், ஒரே நேரத்தில் திட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

நான் அழுதேன். இதுவும் உறுதியான செய்திதான்.

ஜனவரி 21, புதன்

படகு தீவுக்கு மேற்கே ஆழத்தில் நங்கூரமிட்டிருக்கிறது. அடிக்கட்டைக்குக் கீழே ஒரு ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். கயிறு விட்டு அளந்தது நான். சுக்கான் முழுசாக இருக்கிறது. முழுகிப் பார்த்தது ஹாஷிம். உள்ளே தண்ணீர் வருகிறது. ஒரு நாளைக்கு இரண்டு வாளி. இறைத்துக்கொண்டே பட்டறை வரை போகலாம்.

ஊர் திரும்ப எடுத்திருந்த முப்பதாம் தேதி விமானத்தை ரத்து செய்துவிட்டோம். "படக ஒழுங்கா குடுத்துட்டுதான் வருவோம்" என்று ஆர்த்தியிடம் இவரே சொன்னார். அவள் கத்தியது எனக்குக் கேட்டது.

தெரியாதது: அடிக்கட்டை சேரும் இடத்தில் இருப்பது வெறும் கசிவா, விரிசலா. விரிசல் என்றால் சரிசெய்யக்கூடியதா. பட்டறையில் படகைத் தூக்குவது 27, செவ்வாய். அன்று மதியத்துக்குள் தெரியும்.

அன்று ஹென்க்கிடம் போனில் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் வாளியைக் கீழே வைத்தார்.

"நீ பேச வேணாம். எதுவா இருந்தாலும் நான் சொல்றேன்."