அப்பாவுக்கு மிஞ்சிய ஜெபம்

சேசு மரி சூசை துணை

திருப்பாதிரிப்புலியூர்,
5-2-2012, ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணே இசைவாணி, நீயும் மாப்பிள்ளையும் சுவேதா குட்டியும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு அம்மா எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதினால் அது இந்த முறை ஒப்புக்கு எழுதுவதில்லை, நிஜமாகவே நலம். புயல் அடித்துப் போட்ட ஊர் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்காருகிறது. கரண்ட் போய்ப் போய் வருகிறது, பின்பக்கக் கூரையில் பறந்துபோன ஷீட்டுக்குப் பதிலாக வேறு ஷீட் போட்டாயிற்று, கொல்லையில் நீ ஊஞ்சல் கட்டி ஆடிய வேப்பமரம்தான் இனி வராது. அது நின்ற இடத்திலிருந்து இப்போது வெயில் நேராக அடுப்படிக்குள் வந்து விழுகிறது, காலையில் காப்பி போடும்போது கண் கூசுகிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், உன் குரலைக் கேட்டு நான் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். இது பாதியில் நிற்கக் கூடாத விஷயம். பாப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

போன வாரம் பேசும்போது நீ சொன்னாயே, ‘ஜெபம் பண்றதையெல்லாம் விட்டுட்டேம்மா, அப்பா என்ன மன்னிக்கணும்னு எத்தினி நாள் கேட்டேன், கடைசியில அவரு பேச்சையே எடுத்துக்கிச்சே உங்க சாமி’ என்று, அதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அப்பா பேச்சு போனதைவிட நீ ‘உங்க சாமி’ என்று பிரித்துச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீயே யோசித்துப் பார்.

நம் வீட்டுச் சாயங்கால ஜெபம் உனக்கு நினைவிருக்கும். அப்பா டூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டி போடுவார். ‘பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கினால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும் அந்தக் குரல். நீ அவர் முதுகில் சாய்ந்துகொண்டு பாதித் தூக்கத்தில் கூடவே சொல்வாய். ‘அனுதின உணவை’ என்பதை ‘அணில் தின்ன உணவை’ என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் திருத்த வந்தால் அப்பா விடமாட்டார், ‘சொல்லட்டும் உடு, அணிலுக்கும் அவருதான போடறாரு’ என்பார். காலையில் சிதம்பரம் பஸ்ஸை எடுக்கும் முன்பும் இதே ஜெபம்தான். கண்டக்டர் கலியமூர்த்தி அண்ணன் பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்துவிட்டு அதே சரத்தில் கிள்ளிப் பக்கத்தில் மாதா படத்துக்கும் வைப்பார், அப்பா ஆமென் சொன்ன பிறகுதான் விசில் கொடுப்பார். லீவு விட்டால் நீ இன்ஜின் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஸ்டாப்பு ஸ்டாப்பாகக் கத்திக்கொண்டே போவாய். இறங்குகிறவர்கள் எல்லாம் உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். அந்தச் சிதம்பரத்துக்கே நீ மருமகளாகப் போவாய் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். காலேஜ் போன பிறகு நீ ஒருநாள் கேட்டாய், ‘தெனம் அதையே மனப்பாடமா ஒப்பிக்கிறதுல என்னாப்பா இருக்குது, மனசுலேர்ந்து நாலு வார்த்த பேசக் கூடாதா’ என்று. அப்பா ‘பழகிட்டேம்மா’ என்றார். எனக்கும் உன் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அடுப்பில் சோறு இருக்கும்போது என் வாய் ஜெபம் சொல்லும், மனசு கஞ்சி வடிக்கப் போயிருக்கும், அப்படித்தானே நாமெல்லாம் சொல்லிவந்தோம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீயும் மாப்பிள்ளை சத்யாவும் சென்னையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றீர்கள், அப்பா ‘இனிமே அவ பேர இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சிதம்பரத்தில் உன் மாமனார் நடனசபாபதியும் தன் மகனைப் பற்றி அதே வார்த்தையைத்தான் சொன்னாராம். இரண்டு பேருக்கும் கும்பிடுகிற சாமி வேறு, பிடிவாதம் மட்டும் ஒன்று.

போன ஆடியில் அப்பா பக்கவாதம் வந்து விழுந்தபோது நீ நிறைமாதம், விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டியைக் கொண்டுவந்து ஒழுங்காக நிறுத்தி, ஆட்கள் எல்லாம் இறங்கிய பிறகுதான் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவியது, கலியமூர்த்தி அண்ணன் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார், நான் போய்ச் சேர்ந்தபோது ‘ஆ, ஆ’ என்பதைத் தவிர வேறு சத்தம் வரவில்லை, இவ்வளவும் உனக்குச் சொன்னேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. சொல்லக் கூடாது என்று என்னிடம் ஒருவர் கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை.

அந்த வார்டில் வேலை பார்த்த தில்லையம்மாளுக்குத் தெற்கு வீதியில் உன் மாமியார் வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் மத்தியானம் ஒரு அம்மாள் டிபன் கேரியரை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார். நெற்றி நிறைய குங்குமம். ‘நான்தாங்க சத்யாவோட அம்மா, கனகாம்பாள்’ என்றார். எனக்கு எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை. ‘எங்க வூட்ல அவுங்களுக்குத் தெரியாது, கோயிலுக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன், சாமி ஒண்ணும் கோவிச்சிக்காது’ என்று சொல்லிக்கொண்டே ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சாதத்தை எடுத்து வைத்தார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், உனக்குத் தெரிந்தால் மாப்பிள்ளைக்குத் தெரியும், அவர் நன்றி சொல்கிறேன் என்று போன் போட்டால் வீட்டில் பெரிய சண்டையாகிவிடும் என்று பயம். அப்பாவுக்கு ஆள் யார் என்று புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உன் மாமியாரோ, ‘இருக்கட்டும், பசிச்சா தன்னால திரும்புவாரு’ என்று கேரியரை வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார், அப்பா அன்றும் திரும்பவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தார்.

அன்றைக்கு நான் சாதத்தைக் கையில் எடுப்பதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டு வழக்கம்போலப் பரமண்டல ஜெபத்தை முணுமுணுத்தேன். கூடவே இன்னொரு குரல் கேட்டது. யாரோ பக்கத்துக் கட்டில்காரர் என்று நினைத்துத் திரும்பினால், இசைவாணி, அது அப்பா. ஒரு எழுத்துப் பிசகாமல், பழைய குரலில், சுவரைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். ‘எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்’ என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். உன் மாமியாரைப் பார்த்து வாயைத் திறந்தார். ‘என்னாங்க சொல்றாரு’ என்று அவர் பதறிக்கொண்டு கேட்டார். ‘சோறு கேக்கறாருங்க’ என்றேன். அவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வாய் ஊட்டினார். அப்பா அவ்வளவையும் சாப்பிட்டார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண், பொறுமையாகச் சொன்னாள். யோசித்துப் பேசுகிற பேச்சு மூளையில் ஒரு இடமாம், அது அடிபட்டுவிட்டதாம். பல வருஷம் பாடம் பண்ணிச் சொன்னது வேறு இடத்தில் தங்கியிருக்கலாமாம். தண்ணீர் என்ற ஒரு சொல் அவருக்கு வராது, முழு ஜெபமும் வரும். அதுவும் முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும், நடுவில் பிடிக்கத் தெரியாது. நான் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உன் பழைய கேள்வியை நினைத்துக்கொண்டேன். மனசு எங்கேயோ இருக்க வாய் மட்டும் சொன்னது என்று நாம் நினைத்தோம், ஆனால் அது வீணாகவில்லை, எல்லாம் போன நாளில் அது ஒன்று மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. நமக்குத் தெரியாமலே நமக்காக யாரோ எடுத்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பூசையில் கேட்ட பிரசங்கங்களில் எனக்கு அவ்வளவு விளங்கியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஜெபத்தை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. பசி, தாகம் என்றால் உணவு வரைக்கும் சொல்லி நிறுத்துவார். கை கால் பயிற்சி கொடுக்க வருகிற தம்பி கேட்டைத் திறந்தால் போதும், மூச்சு விடாமல் கடைசி வரைக்கும் ஓடி ‘தீமையில் இருந்து எங்களை இரட்சித்துக்கொள்ளும்’ என்பார், அந்தத் தம்பியும் சிரித்துவிடும். நடுவில் பாவங்களைப் பொறுத்தருளும் என்று வருகிற இடத்தில் மட்டும் அவர் ஒருநாளும் நின்றதில்லை. நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன், வேகத்தடையைப் பார்க்காத வண்டி மாதிரி தாண்டிப் போய்விடுவார்.

இப்போது புயலுக்கு வருகிறேன். அன்று விடியற்காலை காற்று ஊளையிட்டதையும் நாங்கள் சாமான் அறையில் ஒண்டிக்கொண்டதையும் சொல்லியிருக்கிறேன். தேவனாம்பட்டினத்துப் பக்கம் படகுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, மரங்கள் விழுந்து தெருவே தெரியவில்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. பஸ் விட ஆரம்பித்த அன்று மத்தியானம் வாசலில் யாரோ ‘லூர்துசாமி டிரைவர் வூடு இதானுங்களா’ என்று கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, தோளில் தண்ணீர் கேன், கையில் ஒரு பை. உன் மாமனார். நான் கதவை விரியத் திறந்து ஒதுங்கி நின்றேன். அவரே பேசினார். ‘எங்க வூட்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, கோயிலுக்குன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டாந்தது, எல்லாம். உங்க போன் கெடைக்கலன்னதும் ஒரே அழுவ. அவுங்களுக்கு முட்டி வலி, அதான் நான் வந்தேன்’ என்று பையை நீட்டினார். மெழுகுவத்தி, தீப்பெட்டி, அவல், பழம் எல்லாம் இருந்தது.

அப்பா நாற்காலியில் இருந்தார். உன் மாமனார் எதிரில் உட்கார்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா ஜெபத்தைத் தொடங்கினார். பசிக்கிறது போல என்று நான் அடுப்படிக்குப் போய் உப்புமாவைத் தட்டில் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். உணவு என்ற இடம் வந்தது, அவர் நிற்கவில்லை. இடது கையால் தட்டை ஒதுக்கிவிட்டு மேலே போனார். ‘எங்களுக்குத் தீமை செய்பவர்களை’ என்றதும் எனக்குப் பகீரென்றது, வந்த மனுஷர் தன்னைச் சொல்வதாக நினைத்துவிடப் போகிறாரே என்று. ‘நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்’ என்று சொல்லி அங்கே நின்றார். உன் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘மன்னிப்பு கேக்கறாருங்க’ என்றேன். அந்த மனுஷர் எழுந்து வந்து அப்பாவின் விளங்காத கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ‘நானும் அதக் கேக்கத்தான் வந்தேன் சம்பந்தி. எனக்கு வாய் நல்லாத்தான் இருக்குது, வரமாட்டேங்குது’ என்றார். சம்பந்தி என்று அந்த வீட்டார் வாயில் அன்றுதான் கேட்டேன்.

பிறகு தன் செல்லை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார், மாப்பிள்ளை அவர் அம்மாவுக்கு அனுப்பியது, நீ சுவேதாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாய். அப்பா விரலால் பாப்பாவைத் தொட்டார், அப்புறம் உன்னைத் தொட்டார், விரலை எடுக்கவே இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, மறுபடியும் அதே இடத்தில் நின்றார். இந்த முறை அவர் என்னையும் பார்க்கவில்லை, உன் மாமனாரையும் பார்க்கவில்லை.

தானே மகனிடம் பேசும் வரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று உன் மாமனார் கேட்டுக்கொண்டதால் போனில் உன்னிடம் இதையும் விழுங்கினேன். வெள்ளிக்கிழமை அவர் மாப்பிள்ளையோடு பேசிவிட்டார் என்று உன் மாமியார் சொன்னார், எனக்கும் வாய்ப்பூட்டுத் திறந்தது. இனி மே மாதத்துக்கு டிக்கெட் பார்க்கச் சொல். வருகிறபோது முதலில் தெற்கு வீதிக்குப் போய் இரண்டு பேர் காலிலும் விழுந்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும், அந்த அம்மாள் ஊட்டிய சோற்றுக்கு அதுதான் மரியாதை. பாப்பாவுக்குக் குளிரில் தினமும் தலைக்கு ஊற்றாதே, எண்ணெய் தடவி உடம்புக்கு மட்டும் ஊற்று. நீ நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையை வேலை வேலை என்று தூக்கம் கெடுத்துக்கொள்ள விடாதே. கலியமூர்த்தி அண்ணன் வாரா வாரம் வந்து அப்பாவுக்கு ஷேவ் பண்ணிவிட்டுப் போகிறார், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உங்கள் மூன்று பேர் நெற்றியிலும் இங்கிருந்தபடியே சிலுவை வரைகிறேன், மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இது கையில் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வந்திருக்கும் நேரத்தில் போன் பண்ணு. அப்பா காதோரம் வைப்பேன். எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்காதே, பதில் சொல்ல முடியாமல் தவித்துப்போவார். ஜெபத்தை முதலிலிருந்து நீ தொடங்கு. நம்பிக்கை இருந்தால் நம்பிக்கையோடு சொல், இல்லாவிட்டால் வெறும் மனப்பாடமாகவே சொல், போதும். அவர் உன்னோடு சேர்ந்துகொள்வார். அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கேள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஆரோக்கியம்மாள் லூர்துசாமி