கதவோரம் சாய்ந்திருந்த குடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் நலம். நீ நலமா என்று எப்போதும் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சேதிக்குப் போய்விடுவேன், இந்த முறை அந்த வரியைத் தாண்ட எனக்குக் கை வரவில்லை.

நாலு மாதத்துக்கு முன் நம் பழைய கம்ப்யூட்டரில் படம் தெளிவாகத் தெரியட்டும் என்று நீ அனுப்பிய கிராபிக்ஸ் கார்டு பெட்டியோடு பீரோவில் கிடந்ததல்லவா, அதை உனக்குச் சொல்லாமல் மாட்டி அசத்தவேண்டும் என்று சனிக்கிழமை பிரார்த்தனை முடித்த கையோடு உட்கார்ந்தேன். உன் சித்தப்பா வந்து, அண்ணி, ஆபரேஷன் பண்றீங்க சரி, பேஷண்ட் பொழைக்குமான்னு ஒரே கேலி. பிளக்கைப் பிடுங்கி, கழற்றிய ஸ்க்ரூவை எல்லாம் நோட்டில் எழுதி வைத்து, கார்டை அதன் இடத்தில் கிளிக் என்று உட்காரும்வரை அழுத்தி மூடினேன். போட்டால் திரை கன்னங்கரேலென்று இருக்கிறது. கடவுளே, இருந்ததையும் கெடுத்தேனே என்று அரைமணி நேரம் அப்படியே உறைந்துவிட்டேன். பிறகு பார்த்தால் மானிட்டர் வயரைப் பழக்கதோஷத்தில் பழைய இடத்திலேயே சொருகியிருக்கிறேன். புதுக் கார்டில் மாற்றிச் சொருகியதும் வெளிச்சம் வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு. டிரைவர் என்கிற சாஃப்ட்வேரைப் போடும்வரை அப்படித்தான் இருக்கும் என்று கூட வந்த தாளில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, அதையும் இறக்கிப் போட்டு, அணைத்துத் திரும்பப் போட்டேன். துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று ஆகிவிட்டது. சித்தப்பாவே கிட்டத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் நீ வீடியோவில் பேசினாய். முதல்முறையாக உன் முகம் கட்டம் கட்டமாக உடையாமல் வந்தது. பெருமையடிக்க வாயெடுத்தவள் திரைக்குக் கிட்டப்போய்ப் பார்த்தேன். உன் பின்னால் கதவோரம் மங்கலாக ஒன்று சாய்ந்திருக்குமே, குடைம்மா என்று சொன்னாயே, அதன் அடியில் ரப்பர் இருக்கிறது, மேலே துணி சுற்றியிருக்கிறது. அக்குளில் கொடுத்து ஊன்றி நடக்கிற கட்டை அது. அப்பா என்னமோ சொல்ல நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், எதற்கென்று இன்றுவரை தெரியாது. நீ பேசி முடித்ததும் நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் நீ பேசியதைக் குறிப்பவள்தானே நான். முன்பெல்லாம் தண்ணீர் எடுக்க, ஜன்னல் சாத்த என்று நாலு தடவை எழுந்து ஓடுவாய், ஓரிடத்தில் உட்காரமாட்டியாடி என்று திட்டியதுகூட எழுதியிருக்கிறது. கடைசிப் பதினொரு ஞாயிறில் நீ ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. லீவு கிடைக்கவில்லை, இப்போது வரமுடியாது என்று நீ சொன்னதும் அதற்குள்தான் வருகிறது.

பேசும்போது கேட்டால் சிரித்து மழுப்புவாய் என்றுதான் எழுதுகிறேன். என்ன நடந்தது, எந்தக் கால், டாக்டர் என்ன சொன்னார், சமைத்துக் கொடுப்பது யார், ஒன்றுவிடாமல் எழுது. நான் பயப்படுவேன் என்றுதானே மறைத்தாய், இப்போது மட்டும் நான் தூங்குகிறேனா? குளியலறைத் தரையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள். கடவுள் உன் காலடிக்கு முன்னால் நடப்பார், நானும் இரண்டு வேளையும் அவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது குடைதான். மாதக் கடைசியில் அவருக்குப் புதுக் கண்ணாடி வருகிறது, அதற்குள் நீயே சொல்லிவிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா